எதிர்ப்பலகை

லிந்துலையில் தேயிலைத் தோட்டத்துக் குளத்தின்மேல் ஏப்ரல் வெயில் மெல்லியதாய் விழுகிறது. வருடா வருடம் இந்த நாளில் ஹாரிஸ் துரை தன் படகை இறக்குவார். அவர் மனைவி துரைசாணி, படகின் பின்பக்கம், அவருக்கு எதிர்ப்பலகையில் உட்காருவாள். போன மழைக்காலத்தில் அவள் கப்பலேறிச் சீமைக்குப் போய்விட்டாள், இனி வரமாட்டாள். துரையைத் தவிரத் தோட்டத்தில் எல்லாரும் இதைப் பேசியாயிற்று. அதனாலேயே இந்த வருடம் படகு இறங்கியே தீரவேண்டும் என்கிறார் அவர். ஆட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி செல்லசாமி, புது லொறிக்குச் செய்வதுபோல் படகுக்கு விபூதி பூசித் தேங்காய் உடைத்து, "தள்ளுங்கடா" என்கிறார். சேற்றைவிட்டு வழுக்கிய படகு, பின்பக்கம் பாரமில்லாததால் மூக்கைத் தண்ணீரில் குத்தித் துரையை மல்லாக்கச் சாய்க்கிறது. தொப்பி தனியே மிதந்து போகிறது. ஆட்கள் கம்பளிக்குள் முகத்தைப் புதைத்து இருமுகிறார்கள். "எதுக்க ஒரு ஆளு வேணும். நீ ஏறு, கங்காணி" என்கிறார் துரை. "தொரைக்கு எதுக்க நாங்க எப்பிடிங்க ஒக்கார்றது?" என்று கங்காணி பதறுகிறார். துரை முன்னால் அவர் மழையில்கூடக் குடை விரித்ததில்லை. "ஒரு கல்ல வச்சிரலாங்க." சாக்கில் சுற்றிய கல்லை இரண்டு பேர் தூக்கிவந்து எதிர்ப்பலகையில் வைக்கிறார்கள். படகு நேராகிறது. வெள்ளைக்காரன் கொடி இறங்கிப் பல வருடமாகியும் இறங்காத நிமிர்வோடு துரை துடுப்பு வலிக்கிறார். கரையின் பேச்சு காதில் விழாத தூரத்தில் ஈரக்காற்று வீசுகிறது. குளிருகிறதா என்று எதிரே பார்த்து, பழக்கத்தில், இங்கிலீஷில் கேட்டுவிடுகிறார். துரைசாணியும் இதற்கு ஒரு வருடமும் பதில் சொன்னதில்லை.