ஈரத்துணியில் வைத்த பத்திரிகை

இப்போது எவனும் பத்திரிகை அடிப்பதில்லை. டிசைன் பண்ணுகிறார்கள்.

மகள் கொண்டுவந்து நீட்டியபோது முட்டை அட்டை என்றுதான் நினைத்தேன். அதே சொரசொரப்பு. அதே அழுக்கு வெள்ளை.

பிள்ளையார் இல்லை. மஞ்சள் இல்லை. தாய்மாமன் பெயர் இல்லை. காய்ந்த புல் ஒன்றைச் சணலில் கட்டி மேலே தொங்கவிட்டிருந்தார்கள்.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கடைசி வரியைக் கூட்டினேன். படித்து முடித்ததும் மண்ணில் புதைக்கவும்.

"ஏந்தாயி, கல்யாணப் பத்திரிகையப் போய்ப் பொதைக்கச் சொல்ற?"

"விதைத் தாளுப்பா. உள்ள விதை இருக்கு. மொளைக்கும். இப்ப எல்லாரும் இதான் அடிக்கிறாங்க."

"எல்லாரும்னா யாரு?"

"எல்லாரும்ப்பா."

இந்த எல்லாரும் என்பவனை நான் பார்த்ததே இல்லை. வீட்டில் எல்லா முடிவும் அவன்தான் எடுக்கிறான்.

தாம்பூலப் பையில் தேங்காய் வேண்டாம் என்று சொன்னதும் அவன்தான். வாசனை மெழுகுவத்தியாம். கரண்டு போகும் என்று நினைத்துக் கல்யாணம் வைக்கிறான்.

மாலைக்குத் துவைத்துத் துவைத்து வெளுத்த சேலை நிறத்தில் ரோஜா. தலைக்கு மல்லி கிடையாது. ஜிப்சியாம், கொத்தமல்லிப் பூ மாதிரிப் பொடி வெள்ளைப் பூ. மல்லி விளைகிற நிலக்கோட்டையில் பிறந்தவள் சொல்கிறாள்.

சொல்லிவிட்டுப் போனவள் கதவோரம் நின்றாள்.

"அத்தை வரலைன்னா நான் மணவறை ஏற மாட்டேன்."

அதை மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

அத்தை என்றால் என் தங்கை பொன்னுத்தாய். தன் மகனுக்கு இவளைக் கேட்டிருந்தாள். இவளோ தன்கூட வேலை பார்க்கிற பையனைச் சொல்லிவிட்டாள். அன்றோடு பொன்னுத்தாய் என் வாசல் மிதிக்கவில்லை. தெருவில் எதிரே வந்தால் ஆட்டுக்குட்டியைப் பார்ப்பாள்.

ஆட்டுக்குட்டி இல்லாவிட்டாலும் பார்ப்பாள்.

முதல் பத்திரிகை அத்தைக்கு. அதை அந்த எல்லாரும் வந்து மாற்ற முடியாது. நான் தட்டை நீட்ட வேண்டும். அவள் கை நீட்டி வாங்க வேண்டும். வாங்காவிட்டால் வரமாட்டாள்.

மஞ்சள் இல்லாத பத்திரிகையை எப்படி நீட்டுவது?

மகள் பார்க்காத நேரம் மஞ்சளைத் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். நாலு மூலையிலும் தாராளமாக அப்பினேன். வெற்றிலையோடு சேர்த்து ஈரத்துணியில் சுற்றித் தட்டில் வைத்தேன்.

மறுநாள் செவ்வாய். செவ்வாயில் யார் போவார்கள்?

அடுத்து அஷ்டமி. அதற்கடுத்து நவமி.

பிறகு மழை. தூறல்தான். ஆனாலும் மழை.

காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, வெற்றிலை வாடாமல் துணிமேல் தண்ணீர் தெளித்தேன். பிரிக்கவில்லை. பிரித்தால் கிளம்ப வேண்டும்.

"பயமாப்பா?"

"எனக்கென்ன பயம்?"

வேறு வழியில்லாமல் கிளம்பினேன்.

பொன்னுத்தாய் மல்லி கட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. தபால்காரனுக்கே மோர் கொடுக்கிறவள். வா என்று ஒரு வார்த்தை வரவில்லை.

தட்டை அவள் முன்னால் வைத்தேன். துணியைப் பிரித்தேன்.

மூலையெல்லாம் பச்சை.

பொடிப் பொடியாக. விதைத்தோலைத் தொப்பி மாதிரி தலையில் மாட்டிக்கொண்டு. மஞ்சளைக் கீறிக்கொண்டு நின்றன.

போயும் போயும் இவளுக்கு, கெட்டுப்போன பத்திரிகை. இனி ஜென்மத்துக்கும் ஆட்டுக்குட்டிதான்.

அவள் பூவைக் கீழே வைத்தாள். குனிந்தாள். ஒரு முளையை விரல் நுனியால் தொட்டாள். அது ஆடி நின்றது.

"எத்தன நாளாண்ணே இத எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்த?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"மொளப்பாரியே போட்டுக் கொண்டாந்துட்டியே!"

சிரித்தாள். வெற்றிலைச் சாறு தெறிக்கச் சிரித்தாள். சேர்த்து வைத்த சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள்.

சிரித்தபடியே கையை நீட்டினாள். இரண்டு கையும்.

தட்டைச் சும்மா திருப்பித் தரவில்லை. கட்டிய மல்லியை அப்படியே சுருட்டி வைத்தாள்.

"அவகிட்டச் சொல்லு. முகூர்த்தத்துக்குத் தலைப்பூ நாந்தான் கட்டிக் கொண்டாருவேன். கொத்தமல்லிப் பூவ வச்சுக்கிட்டு நின்னா மணவறையிலயே பிச்சு எறிஞ்சுருவேன்."

ஜிப்சி சங்கதி அவளுக்கு எப்படித் தெரியும்? பேசாமல் இருந்தவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

எழுந்தேன். பத்திரிகையை இன்னொரு தடவை பார்த்தேன்.

மூன்று மூலையில்தான் முளைத்திருந்தது. நாலாவது வெறும் மஞ்சள்.

அதானே.

படியிறங்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அண்ணே, இதுக்குத் தண்ணி எவ்வளவு ஊத்தணும்?"

"அதெல்லாம் ஏமாத்து வேல. நம்பாத."

செருப்பை மாட்டினேன். வாசலைத் தாண்டினேன்.

"ஊத்தாத. தெளி."

திரும்பாமல் நடந்தேன்.