விட்டுப்போன அத்தியாயம்

"அவளைக் கல்லால அடிச்சே கொன்னிருக்கணும்" என்றார் கணக்கு வாத்தியார். "கால் போன புருஷனைப் போட்டுட்டு ஓடினவளுக்கு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கு?"

"பத்து மழைக்காலம் அவனை முதுகுல சுமந்தாளே சார், அது கணக்குல வராதா?" என்றாள் நர்ஸ். "உங்க வீட்டம்மாவைத் தூக்கிட்டு ஒரே ஒரு மாடி ஏறிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்."

பேச்சு, முப்பதாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒருத்தியைப் பற்றி. குகை மனிதர்களை வைத்து எழுதிய நாவல் ஒன்று அந்த வருஷம் சக்கைப்போடு போட்டது. வாசகர்கள் கருத்துச் சொல்லலாம் என்று நூலகத்தில் பலகை வைத்ததும், இருபது நாற்காலிக்கு நாற்பது பேர் வந்துவிட்டார்கள். அதில் பாதிப் பேர் படிக்காதவர்கள். அவர்கள்தான் சத்தமாகப் பேசினார்கள்.

"புருஷன் பெண்டாட்டின்னு யாரு சொன்னது? அப்ப ரிஜிஸ்டர் ஆபீஸா இருந்துச்சு?" என்றார் பஸ் கண்டக்டர். "அதை விடுங்க. கல்லை உரசி நெருப்பு வரவைக்கவே நாற்பது பக்கம். நெருப்பு வர்றதுக்குள்ள நான் பத்திக்கிட்டேன்."

சிரிப்பு அடங்குமுன் மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. "என்ன ஆளாளுக்கு உளர்றீங்க? அவ எங்கயும் போகலையே."

பேசியவர் மெக்கானிக். பேட்டரி வெடித்து அமிலம் தெறித்ததில் இரண்டு கண்ணும் போய் ஆறு வருஷம். அவர் மனைவி வீட்டிலேயே துணி தைப்பவள். வேலை முடிந்ததும் தினம் நாலைந்து பக்கம் உரக்கப் படித்துக் காட்டுவாள். எங்கே போனாலும் கூடவே வருகிறவள், அன்று அவசரத் தையல் இருக்கிறதென்று அவரை மட்டும் ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருந்தாள்.

"கரடி அவன் காலை நொறுக்கினதுக்கு அப்புறம், கடைசிவரைக்கும் அவதான் வச்சுக் காப்பாத்தினா. நான் ஒரு வரி விடாமக் கேட்டேன்" என்றார் மெக்கானிக். "என் வீட்டுக்காரி மாதிரி. என்ன, இவ இந்த ஒரு மாசமா என்னையே அடுப்புப் பத்தவச்சு டீ போடப் பழக்கிட்டா. குகைக்காரனுக்கு அந்த இம்சை இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. "நீங்க எந்தப் புத்தகத்தைய்யா கேட்டீங்க?"

நூலகர் புத்தகத்தை எடுத்து இருபத்து மூன்றாம் அத்தியாயத்தைப் பிரித்தார். "விடியுமுன் எழுந்தாள். ஓர் ஆளுக்குப் போதுமான விறகை அவன் கை எட்டும் இடத்தில் அடுக்கினாள். மிச்சமிருந்த மான்தோலைத் தன் தோளில் போட்டுக்கொண்டு பனியில் இறங்கினாள்."

"இன்னொரு தடவை படிங்க" என்றார் மெக்கானிக். நூலகர் படித்தார்.

"ரெண்டு பக்கம் ஒட்டிக்கிட்டு இருந்திருக்கும். அவங்க கவனிச்சிருக்க மாட்டாங்க" என்றாள் நர்ஸ்.

"ஒட்டலம்மா. ரெண்டு பேரும் ஆத்தோரமா குடிசை போட்டு, பிள்ளை குட்டியோட கிழடாகிச் செத்தாங்கன்னு ஒரு வாரம் படிச்சா. அம்புட்டும் அவளாச் சொன்னது."

ஆட்டோவில் ஏறியதும் அவர் அந்த ஒரு வாரத்தை மறுபடி மனதில் ஓட்டிப் பார்த்தார். கண் தெரியாதவனை உட்காரவைத்து, கையில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயில் வேறொன்றைப் படித்திருக்கிறாள். இதில் பொய் என்றால் வேறு எதெதில் பொய்? டாக்டர் எழுதிக் கொடுத்ததை உள்ளபடி படித்தாளா? தம்பி போட்ட கடிதத்தை உள்ளபடி படித்தாளா? ஆறு வருஷமாக அவள் வாயில் வந்ததுதான் அவருக்கு உலகம்.

"ஏண்ணே, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றார் ஆட்டோக்காரர். மெக்கானிக் கொட்டித் தீர்த்தார்.

ஆட்டோக்காரர் ஒரு திருப்பம் தாண்டும்வரை யோசித்தார். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. ஊனமானவனை விட்டுட்டு ஒருத்தி போயிட்டான்னு உங்க எதிர்ல உக்காந்து எப்படிண்ணே வாய்விட்டுப் படிப்பாங்க? மனசு நோகுமேன்னு மாத்தியிருக்காங்க. என் வீட்டுல இருக்கறது இல்லாததையே சேர்த்துப் படிக்கும், நான் நொந்து போகணும்னு."

வீட்டு வாசலில் இறங்கியபோது மெக்கானிக்குக் கோபம் முக்கால்வாசி வடிந்திருந்தது. கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று பேசினார்.

"இருபத்து மூணாம் அத்தியாயம் என்னன்னு தெரிஞ்சு போச்சு. நாலு பேர் முன்னாடி மானம் போச்சு."

பதில் இல்லை. அழுகிறாளோ என்று காதைத் தீட்டினார்.

"சரி, விடு. நான் ஒண்ணும் கத்தப் போறதில்ல. எனக்கு வலிக்கும்னுதானே மாத்திப் படிச்ச? மொதல்ல ஆத்திரந்தான் வந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். வேற எவ இருந்தாலும் அப்படியே படிச்சுட்டுப் போயிருப்பா." செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினார். "ஆனா இனிமே உள்ளதை உள்ளபடி படி. கேக்கற தெம்பு எனக்கு இருக்கு. ஏதாவது பேசேன்."

பின்னால் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மாடிவீட்டுப் பெண் பாதிப் படியிலேயே நின்றுவிட்டாள்.

"யார்கிட்டண்ணே பேசறீங்க? நீங்க ஆட்டோ ஏறின கையோட அக்கா பெட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டாங்களே."