நடுக்கடலில் ஒரு டீ

"இன்னும் பதினாறு மணி நேரந்தான், பெரியப்பா!"

பக்கத்து வீட்டு சூர்யகலா விடிந்ததிலிருந்து இப்படித்தான் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். காலை ஏழு மணிக்கு இருபத்திரண்டு. இப்போது பகல் ஒரு மணிக்குப் பதினாறு. நாளை விடிகாலை ஐந்துக்கு மூன்று ஜீப்பு. அவற்றில் மலை இறங்கிப் போடி, அங்கிருந்து வேனில் ராமேஸ்வரம்.

கன்னையன் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர்க் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தான்.

ஏலக்காய் பறிப்பு முடிந்துவிட்டது. பள்ளிக்கூடமும் லீவு. எஸ்டேட் லைனில் எட்டு வீடு. எட்டும் கடல் பார்க்கக் கிளம்புகிறது. அவர்களில் கடலைப் பார்த்த ஒரே ஆள் கன்னையன்தான். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருஷம் ராமேஸ்வரத்தில் மீன்பிடி போட்டில் வேலை பார்த்தவன்.

அப்படித்தான் இருபத்திமூன்று வருஷமாகச் சொல்லிவருகிறான்.

அந்த மூன்று வருஷமும் அவன் இருந்தது தேவாரத்தில். மாமாவின் சோளக்காட்டில், பரண் மேல், யானைக்குக் காவல். கடலைக் காலண்டரில்தான் பார்த்திருக்கிறான்.

"என்னண்ணே, பழைய ஊருக்குப் போறோம், மொகத்துல ஒரு சிரிப்பக் காணோம்?" சூர்யகலாவின் அப்பா மகாராஜன் பல்லைக் குத்தியபடி வந்தான். "அங்கிட்டுச் சின்னவீடு ஏதும் இருக்கா?"

வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த கன்னையனின் மனைவி மருதாயி திரும்பவே இல்லை. "இருந்தா சோறாக்கி வைக்கச் சொல்லுங்க. இருபத்தாறு பேரு வர்றோம்."

மகாராஜன் சிரித்தான். கன்னையன் சிரிக்கவில்லை.

"நான் வரலப்பா. மோட்டாரு போட ஆளு வேணும். ரெண்டு நாளு தண்ணி இல்லைன்னா செடி வாடிரும்."

"அதுக்குத்தான் வாட்ச்மேன் சுருளிவேலு இருக்கான்ல? நீங்க வராம நாங்க மட்டும் போயி என்னத்தப் பாக்க? போட்டு எது, கப்பலு எதுன்னு சொல்ல ஆளு வேணாமா?"

"பெரியப்பா," சூர்யகலா குறுக்கே வந்தாள். "கடலு நம்ம படுதாக்குளம் மாதிரி எத்தனை இருக்கும்?"

தோட்டத்துக்குத் தண்ணீர் சேர்க்க, குழி வெட்டி பிளாஸ்டிக் படுதா விரித்த குளம் அது. அவள் பார்த்ததில் பெரிய தண்ணீர் அதுதான். அவன் பார்த்ததிலும்.

"எண்ண முடியாது," என்றான். இது பத்திரமான பதில்.

"நடுக்கடல்ல போட்டுலயே டீ போட்டுக் குடிப்போம்னு சொல்வீகள்ல? அதுக்குத் தண்ணி எங்குட்டு?"

"அது வந்து..."

"ஏ சூர்யகலா!" மருதாயி குரல் கொடுத்தாள். "உங்கம்மா கூப்புடுறா பாரு. வெரசா ஓடு."

சூர்யகலா ஓடினாள். உடனே திரும்பி வந்தாள். "அம்மா கூப்பிடவே இல்லையாம்."

அதற்குள் கன்னையன் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு குளத்துப் பக்கம் நடந்துவிட்டான்.

மருதாயி எப்போதும் இப்படித்தான். அவன் கடல் பேச்சை எடுத்து நாலு பேர் கேள்வி கேட்க ஆரம்பித்தால், விறகு வேண்டும், உப்பு வேண்டும் என்று வெட்டிவிடுவாள். அவனுக்கு எரிச்சலாக இருக்கும். கொஞ்சம் ஆறுதலாகவும் இருக்கும்.

லைன்காரர்கள் கேலி பேசினால் பேசிவிட்டுப் போகட்டும். அவனுக்குப் பயம் மருதாயியிடம்தான். பெண் பார்க்கப் போன அன்று அவளுடைய அய்யா, "தேவாரம், போடி தாண்டி வேற எங்கிட்டாச்சும் போயிருக்கீகளா மாப்ளே?" என்று கேட்டார். கையில் டீ டம்ளர். கதவோரம் அவள். அவன் வாயில் கடல் வந்துவிட்டது. நிறுத்தத் தெரியாமல் என்னென்னவோ பேசினான். மறுநாளே சம்மதம் சொல்லி அனுப்பினார்கள்.

கடலைப் பார்த்தவன் என்றுதான் அவள் கழுத்தை நீட்டினாள். நாளை அது பொய்யென்று தெரிந்துபோகும்.

பொழுது சாய்ந்தது. "இன்னும் பத்து மணி நேரம்!" சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சூர்யகலாவின் குரல் கேட்டது.

மருதாயி பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவனுடைய வேட்டியையும் வைத்தாள்.

"என் வேட்டிய எடு. நான் வரல. முழங்காலு வலிக்குது."

"மத்தியானம் மோட்டாரு. இப்ப முழங்காலா?"

"அங்க போனா ஆளாளுக்குக் கேப்பாங்க. எனக்கு எல்லாம் மறந்துபோச்சு."

"கேட்டா நான் பாத்துக்கிறேன்."

"நீ என்னத்தப் பாத்துக்குவ?"

"இத்தன வருசமா பாத்துக்கிடலையா?"

கன்னையன் அவளைப் பார்த்தான். விறகு, உப்பு, கூப்பிடாத அம்மா. அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"மருதாயி, நான் கடலப் பாத்ததே இல்ல."

சொல்லிவிட்டான். மூச்சு இலேசாக வந்தது.

"தெரியும்," என்றாள், துண்டை மடித்தபடியே.

"எப்ப இருந்து?"

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே. கடல் தண்ணியை மொண்டுதான் டீ போடுவோம், உங்க வீட்டு டீ மாதிரியே ருசியா இருக்கும்னு எங்கய்யாகிட்டச் சொன்னீகள்ல? உள்ள போயி முந்தானையால வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன்."

அவனுக்கு முகம் சூடானது. "பெறகு எதுக்கு என்னையக் கட்டிக்கிட்ட?"

மருதாயி வேட்டியின் மேல் துண்டை வைத்து, பையை இழுத்து மூடினாள்.

"ஒரு பொய்யக்கூட ஒழுங்காச் சொல்லத் தெரியாத மனுசன், நம்மள எங்கிட்டு ஏமாத்தப் போறாருன்னுதான்."