நைட்ரஜனுக்கு உரிய மார்க்

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று அன்றைக்குத் தள்ளிப்போட்டிருக்கக் கூடாது.

மல்லேஸ்வரத்துக் கல்லூரி ஒன்றில் பி.யூ.சி. வேதியியல் தாள்களைத் திருத்த உட்காரும்போதெல்லாம் மைதிலிக்கு இதே நினைப்புதான். போன வருடம் ஒரு வகுப்புத் தேர்வில், ஆக்சிஜனைவிட நைட்ரஜனிலிருந்துதான் எலக்ட்ரானைப் பிரித்தெடுப்பது கடினம் என்று ஹேமலதா எழுதியிருந்தாள். மைதிலி தப்பு போட்டாள்.

"தனிம அட்டவணை வரிசையில வலப்பக்கம் போகப் போகக் கஷ்டம் கூடணும். உனக்காக நைட்ரஜன் மட்டும் எகிறிக் குதிக்குமா?"

வகுப்பே சிரித்தது.

சாயங்காலம் வீட்டில் புத்தகத்தைப் புரட்டியபோதுதான், நைட்ரஜன் இருக்கும் அந்த ஓரிடத்தில் மட்டும் ஏறுவரிசை மாறும் என்பது உறைத்தது. மறுநாள் ஹேமலதா வரவில்லை. காய்ச்சலில் படுத்தவள் அந்த வாரமே இறந்துபோனாள்.

இன்று தேர்வு எழுதியவர்கள் அறுபத்தொரு பேர். விடைத்தாள் கட்டுக்குள் அறுபத்திரண்டு தாள்கள் இருந்தன. கடைசித் தாளில் ஹேமலதாவின் சாய்ந்த கையெழுத்து. அதே கேள்விக்கு விடை, ஆக்சிஜன். அதன் கீழே ஒரு வரி: "நீங்க சொன்னபடியே மாத்திட்டேன் மிஸ். டிக் போடுங்க."

மைதிலி சிவப்புப் பேனாவை மூடினாள்.

"போட மாட்டேம்மா," என்றாள் மெதுவாக. "நீ முதல்ல எழுதினதுதான் சரி."