நாலு மணிக்கு நிற்கும் வைஃபை

அநியாயம் நடந்தது எங்களுக்கு. காபிக் கடை அக்கா தினமும் சரியாக நாலு மணிக்கு வைஃபையை நிறுத்திவிடுவார். கால் மணி நேரம். கேட்டால், "மக்கர் பண்ணுதும்மா."

இன்று அவர் கல்லாவுக்குப் பின்னால் குனிந்து ஸ்விட்சை அணைப்பதை என் கண்ணால் பார்த்துவிட்டேன். என் கட்டுரை முக்கால்வாசி ஏறியிருந்தது. அஞ்சு மணிக்குள் பேராசிரியருக்குப் போகாவிட்டால் பூஜ்யம்.

"அக்கா, கையும் களவுமா பிடிச்சாச்சு! வாசல்ல 'காபி வாங்கினால் வைஃபை இலவசம்'னு போர்டு. நான் குடிச்சது ரெண்டு காபி."

"சத்தம் போடாதேம்மா. கால் மணி நேரம்தானே?"

"கால் மணியா அரை மணியாங்கறது இல்ல பேச்சு. எழுதிப் போட்ட வார்த்தை என்னாச்சு?"

மற்ற மேஜைகளில் தலைகள் நிமிர்ந்தன. ஆள் கூடினால் எனக்கு இன்னும் சூடு ஏறும். பக்கத்து மேஜையில் தினமும் தனியாக உட்கார்ந்திருக்கும் மனிதரைச் சாட்சிக்கு இழுத்தேன்.

"நீங்களே சொல்லுங்க சார், யார் பக்கம் நியாயம்?"

அவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

"பயப்படாம சொல்லுங்க சார். அக்கா பண்றது..."

"நீ சொல்லிடாதே!" அக்கா ஓடி வந்து என் கையைப் பிடித்தார்.

"இவர் என் வீட்டுக்காரர். பக்கவாதத்துல பேச்சு போய் ஏழு மாசம். நாலு பேரோட பேச வைங்கன்னு டாக்டர் சொன்னார். வீட்டுல இவர் உதடு அசையறதுக்குள்ள நாங்களே முந்திக்கிட்டுச் சொல்லிடறோம். அதான் இங்க கொண்டாந்து உட்கார வச்சேன். ஆனா உங்கள்ல யாரு போன்லேர்ந்து தலையைத் தூக்கறீங்க? நெட் போனாத்தான் பக்கத்துல ஒரு ஆள் இருக்கறதே தெரியுது. 'உங்களுக்கு வருதா சார்'னு கேக்கறீங்க. இவரும் தலையாட்டறதோட சரி."

சண்டையை அங்கேயே விட்டேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். "அவசரமே இல்ல சார். நிதானமா சொல்லுங்க."

கடையே காத்திருந்தது. யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. அவர் நெற்றியில் நரம்பு புடைத்தது. மெல்ல விரலைத் தூக்கி மனைவியைக் காட்டினார்.

"தப்பு... உன்... மேலதான்."