ஊறவைக்காத பயறு

ஜாய்ஸின் கைமணம், கரண்டி நூறு டாலர். விலை வைத்தவன், டல்லாஸிலிருந்து சங்கரன்கோவிலுக்கு லீவில் வந்த கொழுந்தன் ஜெபசிங்.

“மதினி, புறவாசல்ல கோழி சுடுதோம். தொட்டுக்க உங்க தட்டப்பயறு வேணும். கரண்டிக்கு நூறு டாலர் தாரேன்!”

காலையிலிருந்து தன் மளிகைக்கடையில் நின்ற ஜாய்ஸ் அப்போதுதான் காலை நீட்டியிருந்தாள்.

“நேத்தே சொன்னாத்தான தம்பி பயறு ஊறும்? ஏன், அங்கன கிடைக்காதா?”

“எல்லாம் டப்பாப் பயறு. நினைச்சாலே குமட்டுது.”

முடியாது என்றால் ‘மதினி மாறிட்டா’ என்று சொந்தமெல்லாம் பேசும். அலுப்போடு எழுந்தவள், கடைக்கு ஒரு நடை போய்வந்து அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டாள். பூண்டும் வத்தலும் தாளித்த மணத்தோடு கருப்பட்டி வாசம் புறவாசல்வரை வந்தது.

அரைமணி நேரத்தில் பயறும் வந்தது. ஜெபசிங் கோழியை மறந்து மூன்று தரம் வாங்கித் தின்றான். கண் கலங்கிவிட்டது.

“நம்ம மண்ணோட ருசி, மதினி! நான் போகையில இதை டப்பாவுல அடைச்சுத் தருவீங்களா?”

“அடைச்சே இருக்கு தம்பி” என்று வாய்வரை வந்ததை விழுங்கி, “தாரேன்” என்றாள் ஜாய்ஸ்.

ஒரு வருஷமாக யாரும் சீந்தாமல் கடையில் கிடந்த அமெரிக்கப் பயறு டப்பா, பன்னிரண்டு. இன்று உடைத்தது ஏழு. அமெரிக்காவுக்கே திரும்பிப் போக, மீதி ஐந்து.