ரோபோ நின்ற இடம்

கரண்ட் இல்லாததால் கம்ப்யூட்டர் வகுப்பில் ஷர்மிளா டீச்சரே ரோபோவாக நின்றார்.

"நீங்க சொல்றதை மட்டும்தான் செய்வேன்."

பிள்ளைகள் அவரைக் கைகளை நீட்டச் சொல்லி, சுவரில் முட்டவிட்டுச் சிரித்தார்கள். கடைசி பெஞ்சில் ஒருத்தி முதல்முறையாகக் கை தூக்கினாள்.

"திரும்புங்க. எங்கிட்ட வாங்க. நில்லுங்க."

டீச்சர் வந்து நின்றார்.

"என் பேரைச் சொல்லுங்க."

தினமும் வருகைப் பதிவுக்கு அழைக்கும் இருபத்தேழு என்ற எண்தான் அவர் நினைவுக்கு வந்தது. பெயர் வரவில்லை.

"டீச்சர் ஹேங் ஆயிட்டாங்கடி!" வகுப்பே கைதட்டிச் சிரித்தது.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. "பரவால்ல டீச்சர். நான்தான் உங்களுக்கு அதைச் சொல்லவே இல்லையே" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

டீச்சரின் கைகள் நீட்டியபடியே இருந்தன. இறக்கச் சொல்லி யாரும் கட்டளையிடவில்லை.